மழை விட்ட பிறகும் பாதி சேனல் வரவில்லை, கேபிளைத் தொட்டால் ஷாக் – அவசரம்

மொட்டைமாடி12:
மூன்று நாளாக டிவி சரியில்லை. மழையில் சிக்னல் போனது, அது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். இப்போது வெயிலே அடிக்கிறது, ஆனாலும் பாதி சேனல் வரவில்லை, மீதி பளிச்சென்று வருகிறது. பாக்ஸை அணைத்துப் போட்டேன், டிஷ்ஷையும் லேசாகத் திருப்பிப் பார்த்தேன், பலனில்லை. பின்னால் கேபிளைக் கழற்றும்போது கையில் சுரீர் என்று ஷாக் வேறு. படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்கு இந்த டிவிதான் துணை. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

வெள்ளிக்கம்பி:
சகோ, டிஷ்ஷிலிருந்து பாக்ஸ் வரை ஒரே கேபிளா, நடுவில் ஜாயின்ட் உண்டா? எத்தனை பாக்ஸ்? போன சேனல்களில் சிக்னல் அளவு குறைவாகக் காட்டுகிறதா, சுத்தமாகப் பூஜ்யமா?

நீலவானம்:
எல்என்பி, அதாவது டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிக்னல் வாங்கி, போய்விட்டது. எனக்கும் இதே மாதிரிதான் ஆனது, மாற்றியதும் சரியாகிவிட்டது. யோசிக்காமல் மாற்றுங்கள்.

பழைய_ஆன்டெனா:
இதே கேள்விக்கு எத்தனை தடவை எழுதுவது? தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. தம்பி, டிஷ்ஷைத் திருப்பியது முதல் தப்பு. டிஷ் விலகியிருந்தால் எல்லாச் சேனலும் சேர்ந்து மங்கும், இப்படிப் பாதி பாதியாகப் போகாது. பாக்ஸ் கேபிள் வழியாகவே எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் டிசி அனுப்புகிறது. 13 என்றால் செங்குத்து அலையில் வரும் சேனல்கள், 18 என்றால் கிடை அலையில் வரும் மீதிச் சேனல்கள். கனெக்டரில் தண்ணீர் இறங்கி அரித்திருந்தால் 18 போய்ச் சேராது, எல்என்பி அதை 13 என்றே எடுத்துக்கொள்ளும். கிடை அலைச் சேனல்கள் மட்டும் காணாமல் போகும். இது பாலபாடம்.

வெள்ளிக்கம்பி:
விஷயம் சரிதான் அண்ணே, ஆனால் அவர் பதற்றத்தில் கேட்கிறார், கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாம். மொட்டைமாடி, மழையால் மட்டும் போகும் சிக்னல் மழை விட்டதும் திரும்பிவிடும். வெயில் வந்தும் திரும்பவில்லை என்றால் தண்ணீர் உள்ளேயே நிற்கிறது. பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாடியில் எல்என்பி கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் அந்த முனை வீண். அதில் டிசி ஓடுவதால் ஈரம் பட்டால் சாதாரணத் துருவைவிட வேகமாக அரித்துவிடும். மேலுறையைச் சீவி உள்ளே நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னலைப் பாருங்கள், திரி எண்ணெயை இழுப்பதுபோல அது தண்ணீரை இழுத்து வைத்திருக்கும். நல்ல நிறம் வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். ஒரு மீட்டர் வெட்டியும் கறுப்பாகவே இருந்தால் முழுக் கேபிளையும் மாற்றுவதுதான் நல்லது.

கூரைவேலை:
புது கனெக்டர் போட்டதும் சிலிக்கான் பூசிவிடுங்கள், ஒரு சொட்டு இறங்காது.

பழைய_ஆன்டெனா:
எந்த சிலிக்கான்? புளித்த காடி வாசம் வருகிறதே, அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், செம்பை அரிக்கும். இழுத்துச் சுற்றினால் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் இருக்கிறது, அதைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கூரைவேலை:
பத்து வருஷமாக அந்த சிலிக்கான்தான் பூசுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

ஈரக்கை:
ஷாக் பற்றி யாருமே பேசவில்லையே! பாக்ஸ் பிளக் 2 பின்னா 3 பின்னா? 2 பின் என்றால் எர்த் கிடையாது, பாக்ஸுக்குள் இருக்கும் வடிகட்டிக் கெபாசிட்டர் வழியாக மிகச் சிறிய மின்சாரம் பாக்ஸின் உலோகப் பாகத்துக்கும் கேபிள் பின்னலுக்கும் கசியும். மீட்டர் வைத்தால் வீட்டு மின்னழுத்தத்தில் பாதி போலக் காட்டும், தொட்டால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் பிளக்கைப் பிடுங்கியும் டிஷ் பக்கமிருந்து ஷாக் வந்தால் வேறு கருவியோ ஒயரிங்கோ கசிகிறது, அது ஆபத்து. எதற்கும் ஈரக் கையால் தொடாதீர்கள்.

கூரைவேலை:
டிஷ் கம்பத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு எர்த் கம்பி அடித்து இணைத்தால் தீர்ந்தது.

வெள்ளிக்கம்பி:
அப்படி மட்டும் செய்யாதீர்கள். இடி இறங்கும்போது தனிக் கம்பிக்கும் வீட்டு எர்த்துக்கும் இடையே பெரிய மின்னழுத்த வித்தியாசம் வரும், அது பாயும் வழி உங்கள் கேபிளும் பாக்ஸும்தான். அடித்தாலும் அதைத் தடித்த செம்புக் கம்பியால் வீட்டின் மெயின் எர்த்தோடு சேர்த்தே ஆக வேண்டும். கேபிள் உள்ளே வரும் இடத்தில் எர்த் பிளாக் (கேபிளை எர்த்தோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டு) வைத்து, கேபிளின் உலோகப் பின்னலை அதில் இணையுங்கள்.

கூரைவேலை:
தனிக் கம்பிதான் பாதுகாப்பு, எங்கள் பக்கம் எல்லா டிஷ்ஷும் அப்படித்தான்.

ஈரக்கை:
எல்லாரும் செய்வதால் சரியாகிவிடாது அண்ணே. நேரடியாக இடி விழுந்தால் எந்த எர்த்தும் பாக்ஸைக் காப்பாற்றாது, இடி மின்னல் வரும்போது பிளக்கையும் கேபிளையும் முன்கூட்டியே கழற்றி வைப்பது ஒன்றுதான் வழி. கேட்டவர் எங்கே? இரண்டு நாளாக ஆளையே காணோம்.

மொட்டைமாடி12:
மன்னிக்கவும், ஆஸ்பத்திரி அலைச்சல். மாடிச் சுவரோரம் ஒரு ஜாயின்ட் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கறுப்பு டேப்பைப் பிரித்ததும் ஸ்பூன் அளவு தண்ணீர் கொட்டியது, நடுக்கம்பி ஊசி மாதிரி மெலிந்து தொட்டதும் உடைந்துவிட்டது. ஜாயின்ட் இல்லாமல் புதுக் கேபிள் இழுத்தேன், எல்லாச் சேனலும் வருகிறது. எல்என்பி பழையதேதான். எர்த் வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார். எல்லாருக்கும் நன்றி, அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஈரக்கை:
சந்தோஷம். அந்த பிளக் 2 பின்னா 3 பின்னா, அதை மட்டும் சொல்லுங்கள்.