டெல்மிசார்டன் மூளையையும் காக்குமா?

மலர்விழி: அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை எனலாபிரில் ஒத்துக்கொள்ளவில்லை, ராத்திரியெல்லாம் வறட்டு இருமல். டாக்டர் டெல்மிசார்டன் என்ற வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார், இருமல் நின்றது. இப்போது மாமா, "இது மூளைக்கும் நல்லது, மறதியே வராது" என்கிறார். பாட்டி கடைசியில் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தவர். அதனால் அம்மா இதை ரொம்ப நம்புகிறார். உண்மையா?

மருந்தியல் வாத்தியார்: மாமா காற்றிலிருந்து பிடித்துப் பேசவில்லை. ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன் ஏடி1 என்ற ஏற்பியில் (செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடம்) ஒட்டினால் ரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். அதே ஹார்மோன் ஏடி2 ஏற்பியில் ஒட்டினால் குழாய் விரியும், அழற்சி தணியும். எலிகளின் மூளை ரத்தக் குழாயை அடைத்துவிட்டு ஏடி2-ஐத் தூண்டும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மூளையில் சேதமான பகுதி சிறிதாக இருந்தது. டெல்மிசார்டன், லோசார்டன் எல்லாம் ஏடி1-ஐ மட்டும் அடைப்பவை. ஹார்மோன் அப்படியே இருக்கும், ஏடி2 பக்கம் போகும். எனலாபிரிலோ ஹார்மோன் உண்டாவதையே குறைக்கிறது. வகுப்பில் நான் ஆசையோடு நடத்துகிற இடம் இது.

மனிதர்களிடம் கதை இவ்வளவு சுலபமாக இல்லை. 2002-இல் வந்த லைஃப் ஆய்வில் 9,193 பேர். பிரஷர் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தும், அட்டெனலால் என்ற வேறு வகை பிரஷர் மருந்து எடுத்த குழுவைவிட லோசார்டன் குழுவில் பக்கவாதம் 25 சதவீதம் குறைவு. அப்போது எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை. ஆனால் 2008-இல் ஆன்டார்கெட் ஆய்வில் டெல்மிசார்டனை, எனலாபிரிலின் இனத்தைச் சேர்ந்த ராமிப்ரிலோடு ஒப்பிட்டபோது பக்கவாதத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2021-இல் அல்சைமர் நோயாளிகளுக்கு ஒரு வருடம் லோசார்டன் கொடுத்தும் மூளை சுருங்குவது குறையவில்லை. "மறதியே வராது" என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

நர்ஸ் அக்கா: 2019-இல் வந்த ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வின் முடிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல் பிரஷரை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில் லேசான ஞாபகக் குறைபாடு குறைவாக வந்தது. பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதுதான் அங்கே குறி. அம்மாவுக்கு எவ்வளவு குறைக்கலாம் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், தலைசுற்றி விழுந்துவிடக் கூடாது. மாத்திரை மாற்றிய பிறகு ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் பார்த்தீர்களா?

மலர்விழி: இல்லை அக்கா. அம்மா தினமும் இளநீர் குடிப்பார், பரவாயில்லையா?

நர்ஸ் அக்கா: இளநீரில் பொட்டாசியம் அதிகம், இந்த மாத்திரையும் அதை ஏற்றும். கிட்னி நன்றாக இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. இந்த வாரமே ரத்தம் கொடுங்கள், ரிப்போர்ட் வந்ததும் இளநீரைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.