பூசையில் உங்களை அசையாமல் நிற்க வைத்தது எது? திருகோணமலை ஆட்கள் சொல்லுங்கள்

கோயிலடிப் பொடியன்:

கேட்டவன் நான், அதனால் நானே தொடங்குகிறேன். பன்னிரண்டு வயதில் பீடத்தில் உதவி செய்துகொண்டிருந்தேன், கடற்காற்று நேராக உள்ளே வரும் ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயில். பெரிய வியாழன் பூசைக்கு முன் எங்கள் சக்கிடுத்தார், கோயில் வேலைகளைப் பார்க்கிறவர், பொடியன்கள் எல்லாரையும் கூப்பிட்டு, "வானவர் கீதத்துக்கு எல்லா மணியும் அடிக்கலாம், அதோடு சரி, பிறகு பாஸ்கா இரவு வானவர் கீதம் வரைக்கும் மணி வாய் திறக்கக் கூடாது, கட்டைதான்" என்றார். வானவர் கீதம் என்றால் பூசைத் தொடக்கத்தில் வரும் புகழ்ப்பாட்டு, பாஸ்கா இரவு என்றால் சனி இரவு உயிர்ப்புப் பூசை. தலையாட்டினோம்.

எழுந்தேற்றம் வந்தது. சுவாமி அப்பத்தை உயர்த்துகிறார், எனக்கு முன்னால் மணியும் இருக்கிறது, தட்டுவதற்கு மரக்கட்டையும் இருக்கிறது, கை பழக்கத்தில் மணிக்குப் போய்விட்டது. ஒரே ஒரு குலுக்கல்தான். முன்வரிசை அம்மாக்கள் முக்காட்டோடு நிமிர்ந்து பார்த்தார்கள். சக்கிடுத்தார் ஏசவில்லை, முழங்காலிலேயே நகர்ந்து வந்து, சேட்டுப் பையிலிருந்து லேஞ்சியை, கைக்குட்டையைத்தான், எடுத்து, மணியின் நாக்கைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். இரண்டாம் முறை, கிண்ணத்தை உயர்த்தும்போது, கட்டையைத் தட்டினேன். டக், டக், டக். வறட்டுச் சத்தம். ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று அப்போதுதான் எனக்கு உடம்பில் பட்டது.

பூசை முடிந்து நற்கருணையைத் தூபத்தோடு பக்கப் பீடத்துக்குக் கொண்டுபோன பிறகு நடுப்பீடத்துத் துணி, மெழுகுதிரி எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள், தெரியும்தானே. நற்கருணைப் பேழையின் கதவு திறந்தபடி, உள்ளே ஒன்றும் இல்லை. செத்த வீட்டில் பிரேதம் எடுத்த பிறகு வீடு ஒரு மாதிரிக் கிடக்குமே, அப்படி. யாரும் பேசாதே என்று சொல்லவில்லை, ஆனால் வெளியே சைக்கிள் எடுக்கும் வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இப்போது சில இடங்களில் சனம் நற்கருணை வாங்கப் போகும்போது கீபோர்ட்டில் கலியாண வீட்டுத் தாளம் ஓடுகிறது, நன்மை வாங்கிக்கொண்டு கதிரைக்குத் திரும்பி ஒரு நிமிடம் கண்ணை மூடலாம் என்றால் அடுத்த பாட்டு, அது முடிய அறிவித்தல், இடையில் யாரோ பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் படம் எடுக்கிறார். எனக்கு எரிச்சல்தான். நீங்கள் சொல்லுங்கள்.

பாலையூற்றுக்காரி:

அண்ணா, கீபோர்ட்டை நானும் தாங்க மாட்டேன், ஆனால் பழைய காலத்தில் எல்லாம் பக்தியாக இருந்தது என்று தயவுசெய்து முடிவு கட்டிவிடாதீர்கள். என் அம்மம்மா லத்தீன் பூசை கண்டவர். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டுக்கு அவரவர் மொழியை அனுமதிக்கும் முன்பு சுவாமி சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெல்லிய குரலில் சொல்வாராம், இவர்கள் பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்களாம், "மணி அடிச்சா நிமிந்து பார்ப்போம் பிள்ளை, பிறகு குனிஞ்சிடுவோம்" என்பார். அதனால்தான் முன்வரிசை உங்களை அப்படிப் பார்த்திருக்கும், அவர்களுக்கு மணிதான் பூசை!

அம்மம்மாவை நான் அழக் கண்டது பூசையில் இல்லை, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுல பிரசங்கம் படிக்கும்போதுதான். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி எழுதியது, ஒல்லாந்தர் கத்தோலிக்கரை நெருக்கிக்கொண்டிருந்த காலம். இத்தனை வருடம் கழித்தும் நம் கிழவிகள் அதை ஒப்பாரி மாதிரி இழுத்துப் படிக்கிறார்கள். அம்மம்மாவின் கண்ணாடிக்கு ஒரு கால் இல்லை, நூல் கட்டிக் காதில் மாட்டியிருப்பார். பாதி மனப்பாடம், என்றாலும் விரல் வரி வரியாகப் போகும். மாதா மகனை மடியில் வாங்கும் இடம் வந்ததும் விரல் நின்றுவிடும், பக்கத்தில் இருக்கிறவர் அந்த இடத்திலிருந்து எடுத்துப் படிப்பார். தூபமும் இல்லை, சுவாமியும் இல்லை, மின்விசிறி கடகட என்று சுற்றும். அதைவிடப் பயபக்தியான ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

கோணமலையான்:

நான் சைவம், கோணேசர் கோயிலுக்குப் போகிறவன், இங்கே எழுதலாமா தெரியவில்லை. 2022 பெரிய வெள்ளிக்கு நண்பனோடு போனேன். வாசலில் பை பார்த்தார்கள், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு வந்த வழக்கம். நான் பழக்கதோஷத்தில் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனால் எல்லாரும் செருப்போடு நிற்கிறார்கள், வாசலில் என்னுடையது மட்டும் அநாதையாகக் கிடந்தது. சரி என்று நின்றேன்.

எங்களுக்குத் தீபாராதனை என்றால் மேளமும் மணியும் சேர்ந்து காதை நிறைக்க வேண்டும், அந்தச் சத்தத்துக்குள்தான் மனம் அடங்கும். இங்கே பாட்டு இல்லை, மணி இல்லை, சுவாமி நடந்து வந்தார், அப்படியே தரையில் முகங்குப்புற விழுந்தார். மரியாதைக்கு ஒரு நொடி என்று நினைத்தேன், எழும்பவே இல்லை. எங்கேயோ ஒரு குழந்தை இருமியது. என் நெஞ்சடிப்பு எனக்கே கேட்டது.

பிறகு சிலுவையை முத்தமிட வரிசை போனபோது ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்கள். நண்பன் என் காலைப் பார்த்து, "நீ முதலே ரெடியா வந்திட்டாய்" என்றான்.

அது சரி அண்ணை, அந்த லேஞ்சியை யார் அவிழ்த்தது?

கோயிலடிப் பொடியன்:

தம்பி, அதை நீ கேட்காமல் இருந்திருக்கலாம்.

பாஸ்கா இரவு. லைட் எல்லாம் அணைத்து, வெளியே புதுத் தீ மூட்டி, பாஸ்கா திரியில் ஏற்றி உள்ளே கொண்டுவந்தாயிற்று, வழக்கம்போலக் காற்று பாதி மெழுகுதிரியை அணைத்து, பக்கத்தில் இருந்தவரிடம் மறுபடி கொளுத்தி, வாசகங்கள் எல்லாம் முடிந்து, சுவாமி வானவர் கீதம் எடுக்கிறார். லைட் வந்தது. கோபுர மணி, பீடத்து மணி எல்லாம் ஒன்றாக அடிக்கின்றன. நானும் இரண்டு கையாலும் பிடித்து முழுப்பலத்தோடு குலுக்குகிறேன்.

டொக். டொக். டொக்.

சக்கிடுத்தார் தூணோடு சாய்ந்து, லேஞ்சி இல்லாததால் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.