புதுப்பிப்பு: பரிமாறும் வேலை கேட்டு, பாத்திரம் கழுவச் சொன்ன கதை

போன மாதம் எழுதியிருந்தேனே, "எங்கள் இனத்து முகம்தான் வாடிக்கையாளருக்குப் பிடிக்கும்" என்று வேறு இனத்தைச் சேர்ந்த என்னிடம் ஓர் உணவகத்தில் சொன்னதாக. என் விண்ணப்பத்தின் மூலையில் பென்சிலால் "சமையலறை" என்று குறித்ததையும் பார்த்தேன்.

சரி, வழக்கறிஞரிடம் கேட்டாயிற்று. 1964 அமெரிக்கக் குடிமை உரிமைச் சட்டத்தில் மதம், பாலினம், பூர்வீக நாடு ஆகியவற்றுக்குத் தொழில் தேவை என்ற விலக்கு உண்டு; அதாவது, வேலைக்கே அவசியம் என்றால் அவற்றைப் பார்த்து ஆள் எடுக்கலாம். இனத்துக்குக் கிடையவே கிடையாது. வாடிக்கையாளர் விருப்பம் என்ற சாக்கும் செல்லாது. வேலைக்கு உண்மையிலேயே தேவையென்றால் மொழி தெரியுமா என்று கேட்கலாம், அவ்வளவுதான்.

"சின்னக் கடை என்றால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார் ஒருவர். பாதி சரி. 15 பணியாளருக்குக் குறைந்தால் அந்தச் சட்டம் தொடாது. ஆனால் இனப் பாகுபாட்டைத் தடுக்க 1866-ல் வந்த பழைய சட்டம் தலை எண்ணுவதில்லை!

புகார் செய்ய இருந்த 180 நாள் கெடு முடியுமுன் கொடுத்துவிட்டேன்.