புதுப்பிப்பு: நிரலைத் திருத்தியும் கான்ட்ராக்ட் பழையபடியே ஓடிய சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எத்தீரியம் பிளாக்செயின் சங்கிலியில் ஓடும் நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்ட் ஒன்றைச் சாலிடிட்டி மொழியில் எழுதியிருந்தேன். அதில் கட்டண விகிதத்தைத் திருத்தி, செபோலியா டெஸ்ட்நெட்டில் (உண்மைப் பணம் இல்லாத சோதனைச் சங்கிலி) மறுபடி டெப்ளாய் செய்தும், அதாவது சங்கிலியில் ஏற்றியும், பழைய விகிதமே வருகிறது என்று கேட்டிருந்தேன்.

"செயலி எந்த முகவரியை அழைக்கிறது என்று முதலில் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. மறுபடி டெப்ளாய் செய்தால் பழையது மாறிவிடும் என்று நினைத்திருந்தேன். மாறாது. ஒவ்வொரு முறையும் புது முகவரியில் தனி கான்ட்ராக்ட் பிறக்கிறது. பழையது அதன் இடத்தில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். என் செயலியின் அமைப்புக் கோப்பில் பழைய முகவரியே இருந்தது. மாற்றினேன், புது விகிதம் வந்தது.

எதிர்பாராதது இரண்டு. புது கான்ட்ராக்டில் பயனர் இருப்பு எல்லாம் பூஜ்யம். கான்ட்ராக்ட் சேமித்துவைக்கும் தரவு அதன் முகவரியோடு ஒட்டியது, நிரலோடு அல்ல. டெஸ்ட்நெட் என்பதால் பிழைத்தேன். பிராக்ஸி (அழைப்புகளை வாங்கி, வேறு கான்ட்ராக்டில் உள்ள நிரலைக் கொண்டு நடத்தும் முகப்பு கான்ட்ராக்ட்) வைத்திருந்தால் முகவரியும் சேமித்த தரவும் அப்படியே இருக்க, பின்னால் உள்ள நிரலை மட்டும் மாற்றியிருக்கலாம்.

அப்புறம், கம்பைலர் தந்த பைட்கோடும் (நிரலின் இயந்திர வடிவம்) சங்கிலியில் இருப்பதும் பொருந்தாமல் அரை நாள் குழம்பினேன். நான் ஒப்பிட்டது டெப்ளாய் செய்ய அனுப்பும் பைட்கோடு. அதில் கன்ஸ்ட்ரக்டரும் (கான்ட்ராக்டைத் தொடங்கிவைக்கும் பகுதி) சேர்ந்திருக்கும். அது ஒருமுறை ஓடியதும் சங்கிலியில் தங்குவது இயங்குநேரப் பைட்கோடு மட்டுமே. அதன் வாலில் மெட்டாடேட்டா ஹாஷ் (மூல நிரல், கம்பைலர் விவரங்களிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) வேறு இருப்பதால், ஒரு கமென்ட்டை மாற்றினாலும் கடைசி சில பைட்டுகள் மாறிவிடும்.