மறுமொழி: குளியலறைச் செருகுவாயும் புவிக்கசிவு வெட்டியும்

வணக்கம்.

அமெரிக்க வீட்டு மின்விதிகளைத் தமிழாக்கும் நண்பர் இரண்டு சொற்கள் கேட்டிருந்தார். முதலாவது, ‘பாத்ரூம் ரிசெப்டக்கிள்’, எளிது. அகராதியைப் பார்த்து ‘குளியலறைக் கொள்கலம்’ என்று எழுதியிருக்கிறார். படிப்பவருக்கு வாளிதான் நினைவுக்கு வரும். பிளக்கைச் செருகும் இடம், ஆகவே செருகுவாய் என்போம். ஆனால் அங்கே ஓர் அடிக்குறிப்பு அவசியம். அமெரிக்காவில் கைகழுவும் தொட்டியின் விளிம்பிலிருந்து 3 அடிக்குள் ஒரு செருகுவாய் கட்டாயம், அதற்கு 20 ஆம்பியர் சுற்றும் வேண்டும். கோலாலம்பூரில் நம் வீட்டுக் குளியலறைகளில் 13 ஆம்பியர் செருகுவாய் வைப்பதில்லை. நம் மின்னழுத்தம் 230 வோல்ட், அவர்களுடையது ஏறக்குறைய அதில் பாதி. இதைச் சொல்லாமல் விட்டால் யாராவது அப்படியே செய்துபார்ப்பார்.

சரி, இரண்டாவது சொல் ‘கிரவுண்ட் ஃபால்ட் சர்க்யூட் இன்டரப்டர்’, அதாவது மின்சாரம் பூமிக்குக் கசிந்தால் சுற்றைத் துண்டிக்கும் கருவி. நண்பர் கேட்கிறார்:

> ‘மீதி மின்னோட்டக் கருவி’ போதாதா? மலாயிலும் ‘ஆருஸ் பாக்கி’ என்றுதானே சொல்கிறார்கள்?

போதாது என்று நினைக்கிறேன். லைவ் வயரில் போன மின்னோட்டமும் நியூட்ரல் வயரில் திரும்பியதும் சமமா என்று அந்தக் கருவி பார்த்துக்கொண்டே இருக்கிறது. குறைந்தால், அந்தக் குறை வேறு வழியில் பூமிக்குப் போகிறது என்று பொருள். அந்த வழி ஈரத்தரையில் நிற்கும் ஒருவரின் உடம்பாகவும் இருக்கலாம். தமிழில் ‘பாக்கி’ என்றால் வரவேண்டியது என்றும் பொருள் உண்டு, அதனால் மலாய்ச் சொல் நம் காதில் பொருந்துகிறது. அதையே ‘மீதி’ என்றதும் செலவு போக எஞ்சியதாகிவிடுகிறது. இங்கே எதுவும் எஞ்சவில்லை, தொலைந்திருக்கிறது.

‘மின்கசிவு வெட்டி’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். எனக்கும் முதலில் பிடித்தது. பாக்குவெட்டி, நகவெட்டி போல வாயில் நிற்கும். ஆனால் நாளிதழ்கள் ‘மின்கசிவால் தீ’ என்று எழுதி எழுதி, அந்தச் சொல் ஷார்ட் சர்க்யூட்டுக்கே போய்விட்டது. அதைக் கவனிப்பது வேறு கருவி, பிரேக்கர். அந்த 20 ஆம்பியர் சுற்றின் பிரேக்கருக்கு 10 மில்லிஆம்பியர் கசிவு என்பது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அது அசையவே அசையாது. ஈரமான இடங்களுக்கு நம் 1994 மின்சார விதிமுறைகள் கேட்பது 10 மில்லிஆம்பியருக்கு மிகாத கருவி. அமெரிக்கக் கருவி 6 மில்லிஆம்பியரிலேயே துண்டித்தாக வேண்டும். இந்த இரண்டு கருவிகளையும் ஒரே சொல்லால் குழப்பினால், பிரேக்கர் இருக்கிறதே என்று நம்பி ஒருவர் ஹீட்டரைத் திறப்பார்.

வெறும் ‘கசிவு வெட்டி’ என்றாலோ, குளியலறையில் கசிவு என்பது குழாய்த் தண்ணீர். என் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். பிளம்பரைக் கூப்பிடவா என்றார்.

ஆகவே ‘புவிக்கசிவு வெட்டி’. எது கசிகிறது என்பதைவிட எங்கே கசிகிறது என்பதைச் சொல்வதால் தண்ணீரும் ஷார்ட் சர்க்யூட்டும் விலகிவிடுகின்றன. நம் வயர்மேன்கள் இன்றும் சொல்வது இஎல்சிபிதான் (எர்த் லீக்கேஜ் சர்க்யூட் பிரேக்கர்). அந்தச் சுருக்கத்தின் விரிவும் இதற்கு நெருக்கமானதே. பழைய இஎல்சிபி எர்த் வயரில் ஏறும் மின்னழுத்தத்தைப் பார்த்து இயங்கியது, இன்றையது அப்படியில்லை என்பது தெரியும். ஆனாலும் இரண்டும் வெட்டுவது புவிக்கசிவையே.

அப்புறம், அந்தக் கருவியில் உள்ள ‘டெஸ்ட்’ பொத்தானுக்கு ‘சோதிப்பான்’ வேண்டாம், அது ஆளையும் குறிக்கும். ‘சோதனைப் பொத்தான்’ என்றே இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதை அழுத்தச் சொல்லும் வரியை மட்டும் தயவுசெய்து தடித்த எழுத்தில் போடுங்கள்.