உறைபனிக் காலையில் லாரி எஞ்சினைக் கிளப்புவது குறித்து ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். நீலகிரி மலையிலுள்ள கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றிச் செல்லும் பழைய ஆறு சிலிண்டர் டீசல் லாரி ஒன்று என்னிடம் இருக்கிறது. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலை 4 மணிக்கு ஸ்டார்ட்டர் முனகியபடி மெதுவாகச் சுற்றுகிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை மட்டுமே வருகிறது.

அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும் என்பதால், குளிர்ந்த இரும்பும், கெட்டிப்பட்ட ஆயிலும், தளர்ந்த பேட்டரியும் சேர்ந்தே இப்படிப் படுத்துகின்றன என்று புரிகிறது. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கையும் நியூட்ரலையும் உறுதிசெய்த பிறகே சாவியைத் தொடுகிறேன். ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்றாமல், ஸ்டார்ட்டர் ஆறுவதற்கு இரண்டு நிமிடம் விடுகிறேன். கிளம்பியதும் ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிப்பதில்லை, ஏர் பிரேக்கின் காற்றழுத்தத்தைக் காட்டும் முள் ஏறும்வரை வண்டியை நகர்த்துவதும் இல்லை.

என் கவலை வேறு. "எங்கப்பா காலத்திலிருந்தே இப்படித்தாண்ணே" என்று எங்கள் ஓட்டுநர் ஆயில் சம்புக்கு (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கு) அடியில் கரி நெருப்பு வைக்கிறார். டீசல் கசிவு படிந்த அந்த இடத்தில் கங்கு சிவப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. எளிதில் தீப்பற்றும் ஈதர் ஸ்ப்ரேயை எஞ்சினுக்குள் போகும் காற்றில் அடிக்கலாம் என்கிறார் கிளீனர்; உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் உள்ள எஞ்சினில் அது வெடிக்கக்கூடும் என்பதால் மறுத்துவிட்டேன்.

இத்தகைய பழைய எஞ்சினில், எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் நீரைச் சூடாக்கும், வீட்டு மின்சாரத்தில் இயங்கும் ஹீட்டரைப் பொருத்தியவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா? 15டபிள்யூ-40 என்ற தடிமன் தர ஆயிலிலிருந்து மெல்லிய ஆயிலுக்கு மாறியவர்கள், மலையிறக்கத்தில் எஞ்சின் சூடேறியபோது ஆயில் அழுத்தம் எப்படி இருந்தது என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.