தீயை அணைக்கிறதா, நூர்க்கிறதா? நெருப்புச் சொற்கள் பற்றி ஒரு கேள்வி

கொக்குவில் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் தரம் 6. இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறாள். போன கிழமை கொப்பியோடு குசினிக்குள் வந்து, "அம்மா, சிங்களத்தில பசிக்கு படகினி எண்டு சொல்லுறது. பட எண்டால் வயிறு, கினி எண்டால் நெருப்பு. அப்ப வயித்தில நெருப்பு எண்டால் பசிதானே? ஏன் அம்மம்மா வேற மாதிரிச் சொல்லுறவ?" என்று கேட்டாள்.

நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

அம்மா சொல்வது எனக்கு நன்றாகத் தெரியும். "அந்த நாளையில வயித்தில நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தனான்" என்பது அவவின் வாயில் அடிக்கடி வரும். 90களில் மின்சாரம் இல்லாத வருடங்கள். அண்ணா சைக்கிளில் ரியூசனுக்குப் போய் வர இருட்டிவிட்டால் அம்மா படலையடியை விட்டு அசையமாட்டா. சைக்கிள் செயின் சத்தம் ஒழுங்கையில் கேட்ட பிறகுதான் உள்ளே வந்து அடுப்பைப் பார்ப்பா. அது பசி இல்லை. பயம் என்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. பிள்ளையில் வைத்த ஆசைதான் வயிற்றில் நெருப்பாகக் கிடந்தது. அதை 11 வயதுப் பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

அதற்கு இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரி வீதியில் தீயணைப்பு வாகனம் ஒன்று போனது. அடுத்த கேள்வி வந்தது: "கட்டிப்பிடிக்கிறதும் அணைக்கிறது, நெருப்பை இல்லாமல் செய்யிறதும் அணைக்கிறதா?" எங்கள் வீட்டில் விளக்கை யாரும் அணைப்பதில்லை. நூர்ப்பதுதான் வழக்கம். ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலத்தில் கடைசிப் பக்கம் புரண்டவுடன் "விளக்கை நூர், எண்ணெய் முடியுது" என்ற குரல் வரும். மண்ணெண்ணெய் ஒவ்வொரு துளியும் எண்ணிப் பாவித்த காலம் அது. அதனால் அணை என்ற சொல்லின் இந்த இரட்டைப் பொருளை நான் யோசித்ததே இல்லை.

இப்போது என் சொந்தத் தேவை. எங்கள் முன்பள்ளியில் ஓர் ஆசிரியை ஓய்வுபெறுகிறா. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் அவவைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பந்தி அனுப்பியிருக்கிறார். அதில் 'பஷன்' (passion) என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. பேரார்வம் என்று போட்டேன், உயிரில்லாமல் கிடக்கிறது. வேட்கை, தாகம் இரண்டும் தண்ணீர் விடாய்க்குரிய சொற்கள். காமத்தின் பொருள் இன்றைக்குச் சுருங்கிவிட்டது. வெறி வேண்டவே வேண்டாம். மற்ற மொழிக்காரர் இந்த இடத்தில் நெருப்பைத்தான் கொண்டுவருகிறார்களா? நாங்கள் ஏன் தண்ணீர்ப் பக்கம் போனோம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

ஒஸ்லோ குளிர் எழுதியது:

அக்கா, நான் இங்கே வந்து 24 வருடம். நோர்வே மொழியில் உங்களுக்கு வேண்டிய சொல் அப்படியே இருக்கிறது: 'இல்ஷேல்'. இல்ட் என்றால் நெருப்பு, ஷேல் என்றால் ஆன்மா. சம்பளம் பாராமல் ஒரு வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு செய்பவர்களுக்கு அந்தப் பெயர். காதலோடு அதற்குத் தொடர்பில்லை. சனிக்கிழமைகளில் பனிக்குள் பஸ் பிடித்து வந்து எங்கள் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதப் பழக்கிய ஒரு ரீச்சரைப் பற்றி, பக்கத்து வீட்டு நோர்வேக்காரி என்னிடம் அந்தச் சொல்லால்தான் கதைத்தா. நான் அதை முதன்முதலில் கேட்டது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தேன்.

ஒரு விசயத்தில் ஈடுபாடு என்றால் 'அதற்காக எரிகிறேன்' என்றும் இங்கே சாதாரணமாகச் சொல்வார்கள். ஆனால் அகராதியில் பஷனுக்கு நேராக நிற்கும் சொல் 'லீடென்ஸ்காப்'. அதன் அடி துன்பப்படுதல். ஜெர்மன்காரர்களின் 'லைடன்ஷாஃப்ட்' என்ற சொல்லும் அதே மாதிரி. அதனால் ஐரோப்பாவில் எல்லாமே நெருப்பு என்று நினைக்கவேண்டாம்.

பாசையூர்க் கரை எழுதியது:

ஒஸ்லோத் தம்பி சொன்னதில் இருந்து பிடிக்கிறேன். ஆங்கிலச் சொல்லும் அதே கதைதான். லத்தீனில் துன்பத்தை அனுபவித்தல் என்ற அடியில் இருந்து வந்தது. கத்தோலிக்கர் நாங்கள் அந்தச் சொல்லைத் தமிழில் எப்போதோ எடுத்துவிட்டோம்: பாடுகள், அதாவது இயேசு பட்ட துன்பங்கள். தவக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மேடையேறும் திருப்பாடுகளின் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் நான் அதில் கூட்டத்தில் ஒருவனாக நின்றிருக்கிறேன்.

அதே பாடு என்ற சொல்லை வைத்து, "பாடுபட்டு வளர்த்தனான்" என்று எங்கள் அம்மாமார் சொல்வார்கள் அல்லவா? உழைப்பும் துன்பமும் அன்பும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. என் அப்பு விடியற்காலை 3 மணிக்கு வலையோடு இறங்கினவர். அவரிடம் போய்ப் பேரார்வம் என்றால் விளங்காது. பாடு என்றால் விளங்கும். அந்த ஆசிரியை பிள்ளைகளுக்காகப் பாடுபட்டவ என்று எழுதுங்கோ அக்கா. ஆங்கிலத்துக்கு இதைவிடக் கிட்டவான சொல் எனக்குத் தெரியாது.

வவுனியாச் சந்தி எழுதியது:

உங்கள் மகளின் சிங்களக் கொப்பிக்கு இன்னும் ஒன்று. தீயணைப்புப் படைக்குச் சிங்களத்தில் 'கினி நிவன ஹமுதாவ'. அணைக்கிற என்ற பொருளில் வரும் அந்த 'நிவன' என்ற சொல்லைக் கவனியுங்கள். பௌத்தர்கள் நிர்வாணம் என்பதையும் சிங்களத்தில் 'நிவன' என்றுதான் சொல்கிறார்கள். ஆசை, பகை, மயக்கம் மூன்றையும் புத்தர் மூன்று நெருப்பாகச் சொன்னார். அவை அவிந்த நிலைதான் நிர்வாணம். பாலியில் அந்த மூன்றும் ராகம், தோசம், மோகம். எங்களுக்கு ராகம் பாட்டில் வருகிறது, மோகம் காதலில் வருகிறது. அங்கே ராகம் இச்சை, மோகம் அறியாமை.

கந்தோரில் சிங்கள நண்பர்களோடு 15 வருடம் வேலை செய்கிறேன். படகினி என்று அவர்கள் சொல்லும்போது நெருப்பு யாருடைய நினைவிலும் வருவதில்லை, சாப்பாட்டுப் பார்சல்தான் வருகிறது. நாங்கள் காய்ச்சல் என்னும்போது காய்வதை நினைக்கிறோமா? அப்படித்தான்.

புலோலிக் கிழவன் எழுதியது:

நிவனவுக்குச் சமமான தமிழ்ச் சொல் அவித்தல். 'பொறிவாயில் ஐந்தவித்தான்' என்ற குறளில் இருப்பது அது; ஐம்புலன் ஆசைகளை அவித்தவன் என்று பொருள். இன்று புட்டு அவிக்க மட்டும் வைத்திருக்கிறோம்.

பிள்ளை, பற்று என்ற சொல்லை ஏன் விட்டுவிட்டாய்? தீ பற்றுகிறது. மொழிப்பற்று என்கிறோம். இரண்டும் ஒரே வினை. தண்ணீர்ப் பக்கம் மட்டும் நாங்கள் போகவில்லை.

கொக்குவில் அம்மா எழுதியது:

ஐயா, உங்கள் இரண்டு வரியைப் படித்ததில் இருந்து வேறு வேலை ஓடவில்லை. பற்றுவது கை செய்கிற வேலை. அணைப்பதும் கை செய்கிற வேலை. தமிழில் நெருப்பு கையால் பிடிக்கிறது, அதை நாங்கள் கையால் அணைக்கிறோம். மகளுக்கு இதைச் செய்தே காட்டினேன். அவள் மணிக்கட்டை நான் இறுக்கிப் பிடித்தேன்: பற்று. பிறகு அவளை இழுத்து மடியில் வைத்தேன்: அணை. இரண்டு சொல்லின் வேரும் என்னவென்று ஆராய்கிற அளவுக்கு எனக்குப் படிப்பில்லை. ஆனால் பிள்ளைக்கு விளங்கிவிட்டது.

அப்போதுதான் காமத்துப்பாலில் ஒரு குறள் ஞாபகம் வந்தது, 1104:

நீங்கின் தெறூஉம் குறுகுங்கால் தண்ணென்னும்
தீயாண்டுப் பெற்றாள் இவள்.

விலகினால் சுடும், கிட்டப் போனால் குளிரும்; இப்படியொரு தீயை இவள் எங்கே பெற்றாள் என்று அவன் கேட்கிறான். பள்ளிக்கூடத்தில் இதைப் படிப்பித்த வயதில் காதலன் காதலி என்று மட்டும் விளங்கியது. இப்போது படிக்கும்போது எனக்குப் படலையடியில் நின்ற அம்மாதான் தெரிகிறா. பிள்ளை தூரத்தில் இருந்தால் வயிறு எரியும், சைக்கிள் உள்ளே வந்தால் குளிரும். மகளிடம் இதைச் சொன்னேன். அம்மம்மா சொல்லும் நெருப்பு அதுதான் என்றேன். தலையாட்டினாள், ஒன்றும் கேட்கவில்லை.

பாசையூர் அண்ணை, உங்கள் சொல்லை எடுத்துக்கொண்டேன். பந்தி இப்போது இப்படித் தொடங்குகிறது: "பிள்ளைகளில் பற்று வைத்து, 31 வருடம் அவர்களுக்காகப் பாடுபட்டவர்." ஒஸ்லோத் தம்பி, 'நெருப்புள்ள ஆன்மா' என்றும் ஒருதரம் எழுதிப் பார்த்தேன். எங்கள் ஊரில் அதைக் கேட்டால் ஆவி என்று நினைத்துப் பயப்படுவார்கள், வெட்டிவிட்டேன்.

நேற்றிரவு கரண்ட் நின்று சாமி விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. படுக்கப் போகும்போது மகள், "அம்மம்மா, விளக்கை அணைக்கட்டே?" என்று கேட்டாள். அம்மா பாயில் இருந்தபடியே, "நூரடி பிள்ளை. அணைக்கிறதெண்டால் இஞ்ச வந்து என்னை அணை" என்றா.

மன்னார், மட்டக்களப்புப் பக்கம் உள்ளவர்கள் விளக்கை என்ன செய்கிறீர்கள்? நூர்க்கிறீர்களா, அணைக்கிறீர்களா? மலையகத்திலும் கேட்டுச் சொல்லுங்கோ. மகள் கொப்பியில் ஒரு பக்கம் வெறுமையாக விட்டு வைத்திருக்கிறாள்.